குழிக்குள் ஒரு களஞ்சியம்

தீவுகளின் சோறு – 9

சென்ற வாரம் கியூபாவில் நிறுத்தியிருந்தோம். சர்க்கரைவள்ளியைக் கூன்வண்டிடமிருந்து காப்பாற்ற, வாழைத்தண்டில் எறும்புகளைக் குடியேற்றி வயலுக்குத் தூக்கிப்போகிற விவசாயிகளோடு. கியூபாவுக்கு வண்டு தொல்லை, டீசல் தொல்லை எல்லாம் உண்டு. ஆனால் காலுக்குக் கீழே மண் இருந்தது. இந்த வாரம் நாம் போகிற ஊரில் அதுவும் இல்லை.

துவாலு. பசிபிக் கடலின் நடுவே ஒன்பது தீவுகள். எல்லாவற்றையும் ஒட்டவைத்தாலும் 26 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சியில் பதினாறில் ஒரு பங்கு. சுமார் 11 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் தலைநகர் ஃபுனாஃபுட்டியில். பவளத்தீவுகள் எப்படி உருவாகின்றன என்று டார்வின் சொன்னது சரிதானா என்று பார்க்க, 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்கள் இதே ஃபுனாஃபுட்டியில் துளை போட்டார்கள். 340 மீட்டர் வரை இறங்கியும் வந்ததெல்லாம் பவளச் சுண்ணாம்புதான். டார்வினுக்கு அது நல்ல செய்தி. விவசாயம் செய்ய வேண்டியவனுக்கு?

இந்தச் சுண்ணாம்பு மேட்டில் துவாலுக்காரர்களின் முன்னோர் கண்டுபிடித்த வழி, மேலே விதைப்பதை விட்டுவிட்டுக் கீழே தோண்டுவது. திருச்செந்தூர் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் கடல் அலையடித்துக்கொண்டிருக்க, நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது அல்லவா? மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஏட்டுக்கணக்கு. ஓட்டை நிறைந்த பவளப்பாறையில் அவ்வளவுகூட நிற்பதில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டால் வயிற்றைக் கலக்கும்: மேலே ஒரு அடி போனால், கீழே நாற்பதும் போச்சு.

அந்தத் தண்ணீரைக் கால் தொடும்வரை தோண்டுகிறார்கள். இரும்பைக் கண்ணில் பார்த்திராத காலத்திலேயே தோண்டிய குழிகள் இன்றும் இருக்கின்றன. அதில் நடுவது புலாகா என்ற கிழங்கு. நம் சேம்புக்குப் பெரியப்பா முறை. ஆள் உயரத்துக்கு மேல் இலை விரிக்கும். மண்தான் இல்லையே என்றால், மண்ணையும் இவர்களே செய்துகொள்கிறார்கள். வடக்கே பக்கத்து நாடான கிரிபட்டியிலும் இதே கிழங்கு உண்டு. அங்கே செடியைச் சுற்றித் தாழை ஓலையில் பின்னிய, அடியில்லாத கூடையை வளையமாக இறக்கி, உள்ளே தழை, மேலே கருமண், மறுபடி தழை என்று வருடக்கணக்கில் ஊட்டுவார்கள். அந்தத் தழைகளில் பன்னீர் மரத்து இலையும் ஒன்று. திருச்செந்தூரில் விபூதி வைத்துத் தருகிறார்களே, அதே பன்னீர் இலை. எந்தத் தழை, எவ்வளவு, எப்போது என்பது குடும்ப ரகசியம். மருமகனுக்குக்கூடச் சொல்லமாட்டார்களோ என்னவோ.

துருப்பிடித்த தகர டப்பாக்களையும் குழியில் போடுவதுண்டு. பைத்தியக்காரத்தனம் இல்லை. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து செடிக்கு எட்டாது, இலை வெளுத்துப்போகும். துரு அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். டப்பா எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

புலாகாவின் பெரிய குணம் ருசி அல்ல, பொறுமை. விளைந்த கிழங்கைப் பிடுங்காமல் குழியிலேயே வருடக்கணக்கில் விட்டுவைக்கலாம். புயல் வந்து தென்னையும் சீமைப்பலாவும் சாய்ந்தாலும் குழிக்குள் சோறு இருக்கும். நெல்லைக் குதிரில் கொட்டிவைப்பதுபோல இவர்கள் கிழங்கைச் செடியிலேயே சேமித்தார்கள். எலி தின்னாத, பூச்சி அரிக்காத குதிர்.

அந்தக் குதிரை முதலில் உடைத்தது கடல் அல்ல. 1942-ல் ஜப்பானோடு போரிட வந்த அமெரிக்கப் படை, ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுதளம் போட இடம் தேடியது. ஆயிரக்கணக்கில் தென்னைகள் விழுந்தன, புலாகா குழிகள் மூடப்பட்டன. ஓடுதளத்தை நிரப்பப் பவளம் வெட்டியெடுத்த பள்ளங்களோ எழுபது வருடம் அப்படியே கிடந்தன. உப்புநீர் தேங்கி, குப்பை சேர்ந்து, ஓரத்திலேயே வீடுகளும் முளைத்துவிட்டன. நியூசிலாந்து பணம் கொடுக்க, 2015-ல்தான் அவற்றைக் கடல்மணல் கொண்டு மூடினார்கள். சோறு போட்ட குழிகளை மூட ஒரு போர் வேண்டியிருந்தது. சோறு போடாத குழிகளை மூட எழுபது வருடம்.

இன்று அந்த ஓடுதளத்தில் விமானம் இல்லாத நேரம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். உணவு வருவது பெரும்பாலும் கப்பலில்: அரிசி, மாவு, சர்க்கரை, டப்பாவில் அடைத்த இறைச்சி. துருப்பிடிக்கும் டப்பா இப்போது தெரிகிறதா? மீன்பிடி உரிமம், இணையத்தின் ‘.டிவி’ முகவரி, கப்பல் வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் பணம் என்று வருகிற காசு, அரிசி மூட்டையாகத் திரும்பி வருகிறது. உடற்பருமனும் சர்க்கரை நோயும் மிகுந்த நாடுகளில் துவாலுவும் ஒன்று. தென்னம்பாளையைச் சீவி, காலையும் மாலையும் பதநீர் இறக்கி, காய்ச்சிப் பாகாக்கத் தெரிந்த மக்கள் இவர்கள். அந்தப் பதநீருக்குக் கலேவே என்று பெயர். அதன் இடத்தில் இப்போது வெள்ளைச் சர்க்கரை.

மீட்கும் முயற்சி இல்லாமல் இல்லை. ஃபுனாஃபுட்டியில் தைவான் நாட்டின் வேளாண் குழு ‘ஃபதோஆங்கா ஃபியாஃபியா’ என்ற தோட்டத்தை நடத்துகிறது. ‘மகிழ்ச்சித் தோட்டம்’ என்று பொருள். ஊரின் இலைதழைக் கழிவை அரைத்து மக்கவைத்து, வெள்ளரியும் கீரையும் பப்பாளியும் விளைவிக்கிறார்கள். ஆஸ்திரேலிய உதவியுடன் இன்னொரு ஏற்பாடு: பிளாஸ்டிக் பெட்டி, அடியில் நீர்த்தேக்கம், மேலே மக்கு, வேர் தனக்கு வேண்டிய தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கடல் பொங்கி வந்தாலும் உப்பு தொடாத உயரத்தில் செடி நிற்கும்.

நல்ல காரியம்தான். பெட்டித் தோட்டங்களின் புகைப்படங்களும் அழகாக இருக்கின்றன. ஆனால் வெள்ளரிக்காய் வயிற்றை நிரப்புமா? கூட்டுக்கும் பொரியலுக்கும் வழி பண்ணிவிட்டோம், சோற்றுக்குக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் நிலைமை. பெட்டிக்கும் தண்ணீர் மழையிலிருந்துதான் வர வேண்டும். 2011-ல் மழை பொய்த்து நெருக்கடி நிலை அறிவித்தபோது, வீட்டுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் என்று அளந்து ஊற்றினார்கள். கீரைக்கு யார் ஊற்றுவார்கள்? என் கணிப்பில், பெட்டிக்குச் செலவிடுவதில் ஒரு பங்காவது குழிக்குப் போக வேண்டும்: உப்பைத் தாங்கும் கிழங்கு வகையைத் தேட, குழியின் அடியைச் சற்று உயர்த்திக் கட்ட, தழை ரகசியம் தெரிந்த கிழவர்களைப் பேசவைக்க.

குழி மட்டும் பத்திரமா என்று கேட்டால், இல்லை. 2015 மார்ச்சில் பாம் புயல் எழுப்பிய அலை நுய் தீவின் குழிகளுக்குள் இறங்கியது. உப்பு குடித்த கிழங்கு நின்ற இடத்திலேயே அழுகும். உள்ளே போன உப்பை மழை கழுவி வெளியேற்ற வருடங்கள் ஆகும்.

2023-ல் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய்க் குடியேறலாம். 2025-ல் முதல் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தவர்கள், குடும்பத்தாரையும் சேர்த்தால், மக்கள்தொகையில் முக்கால் பங்கைத் தாண்டினார்கள். துவாலுவில் நிலம் பெரும்பாலும் கூட்டுச்சொத்து. பங்காளிகள் சேர்ந்து ஆளும் அந்த ஏற்பாட்டுக்குக் கைதாசி என்று பெயர். ‘கை’ என்றால் அவர்கள் மொழியில் உண்பது, ‘தாசி’ என்றால் ஒன்று: ஒன்றாக உண்பவர்கள். குலுக்கலில் பெயர் வந்தவர் பெட்டி கட்டுவார். அவர் பங்கு குழியிலேயே இருக்கும். கிழங்கைப் பிடுங்கி, தலைப்பகுதியை மட்டும் அரிந்து அதே சேற்றில் திரும்ப ஊன்றி, சுற்றித் தழை போடுகிற வேலை, தங்கிவிட்ட ஏதோ ஒரு சித்தப்பா மகன் தலையில் விழும்.

(அடுத்த வாரம் வேறொரு தீவு)