இடம்பெயர விரும்பாத மரம்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஊர்களில் வாழ்வோர்க்கு வீட்டுத் தோட்டம் எளிதிற் கைகூடும் காரியம் அன்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் நிலம் மணற்பாங்கானது. வாடைக்காற்றோடு வரும் மாரி சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். பின்னர் கச்சான் காற்று வீசுங் காலத்தில், ஊற்றிய நீர் மாலைக்குள் மறைந்துவிடும். இத்தகைய மண்ணிலும் அதிகம் கேளாமல் வளர்ந்து பயன்தரும் மரமொன்று உண்டு. அதுவே மரமுந்திரிகை, பேச்சுவழக்கிற் கஜு.

இம்மரம் நம் நாட்டிற்குரியதன்று. பிரேசில் நாட்டின் கரையோரமே இதன் தாயகம். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இதனைக் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தனர். கஜு என்ற பெயரும் அவர்கள் வழியாக வந்ததே. திருகோணமலையில் அவர்கள் 1624ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டை கைமாறிப் போயிற்று. அவர்கள் கொணர்ந்த மரமோ நம் வளவுகளில் நம்மவராகவே நின்றுவிட்டது.

எமது வீட்டிலும் அத்தகைய மரமொன்று இருந்தது. கிணற்றடிக்கு அப்பால் அன்னையார் தம் கையால் விதையூன்றி வளர்த்தது. 1990ஆம் ஆண்டில் நாம் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தோம். எட்டாண்டுகள் கழித்துத் திரும்பியபோது வீட்டிற்குக் கூரை இல்லை. கதவு நிலைகளும் இல்லை. மரம் மட்டும் எவரும் நீரூற்றாமலே காய்த்து நின்றது. அன்று முதல் அன்னையார்க்கு அம்மரத்தின்மேல் தனியொரு பற்று. அதன் விதையொன்றை முற்றத்தின் ஓரத்தில் ஊன்றினார்; அதுவும் முளைத்தது.

அக்கன்று மூன்றாண்டு வளர்ந்து நின்றபோது, 2012ஆம் ஆண்டில், வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட நேர்ந்தது. அத்திவாரம் வெட்ட வேண்டிய இடத்திலே கன்று நின்றது. வேறிடத்தில் நட்டுவிடலாம் என்று நாம் துணிந்தோம். “தம்பி, இது மல்லிகைக்கொடி இல்லை, நினைத்த இடத்திற்கு மாற்ற. அறையை வேண்டுமானால் மற்றப் பக்கம் கட்டு” என்றார் அன்னையார். நாம் கேட்கவில்லை. அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு, இரண்டடி ஆழத்திற்குத் தோண்டி, மண்ணோடு பெயர்த்து நட்டு, நாள்தோறும் நீர் ஊற்றினோம். பத்தாம் நாள் இலைகள் வாடின. மாதம் முடியுமுன் கன்று பட்டுப்போயிற்று. பிடுங்கிப் பார்த்தபோது ஆணிவேர் நடுவிலே துண்டிக்கப்பட்டிருந்தது. அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

இதன் காரணத்தைப் பின்னரே கற்றறிந்தோம். ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் ஹேசல் என்னும் கொட்டை மரத்தை வளர்ப்பர். குளிர்காலத்தில் அஃது இலையுதிர்த்து உறங்கும். வேர்களும் பெரும்பாலும் மேலாகவே பரவியிருக்கும். ஆதலின் அவ்வுறக்கத்தின்போது அதனைப் பெயர்த்து நடுதல் இயலும். அடியோடு வெட்டினாலும் பல தண்டுகளாய்த் தழைக்கும். மரமுந்திரிகைக்கு அவ்வாறான நீண்ட உறக்கம் இல்லை. முளைத்த நாள் தொட்டு ஆணிவேரை ஆழமாக இறக்கி நீரைத் தேடுவது அது. வறண்ட மணலில் அதன் வாழ்வே அவ்வேரில் தங்கியிருக்கிறது; அவ்வேரை அறுத்தபின் எத்துணை நீரூற்றியும் பயனில்லை.

ஆகவே இம்மரத்திற்கு இடந்தேடுவதே முதற்கடமை. கிளை விரித்துப் படரும் இயல்பினது ஆதலின், சுவரிலிருந்தும் பிற மரங்களிலிருந்தும் 25 அடியேனும் விலகியிருத்தல் நன்று. நாள் முழுதும் வெயில் படவேண்டும். மாரியில் நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. பிற்காலத்தில் மதிலோ அறையோ அவ்விடத்தில் எழுமா என்பதையும் அன்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விதையூன்றுவோர் நீரில் அமிழும் கனத்த கொட்டைகளையே தெரிந்தெடுக்க வேண்டும். ஒருநாள் ஊறவைத்து, காம்பு இருந்த பக்கம் மேலாக இருக்கும்படி ஊன்றுதல் முறை. நிலையான இடத்திலேயே ஊன்றினால் இடமாற்றும் தொல்லை இல்லை. பொலித்தீன் பையில் முளைக்கவைத்தால், வேர் பைக்குள் சுருளுமுன்னர், இரண்டு மாத அளவிலேயே நட்டுவிட வேண்டும். இரண்டடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியில் மேல்மண்ணும் மக்கிய எருவும் இட்டு, ஐப்பசி மழை தொடங்கியதும் நடுதல் சிறந்தது. பையைக் கிழித்து அகற்றும்போது மண்கட்டி உடையலாகாது.

எனினும் விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. வேற்று மரத்தின் மகரந்தம் கலந்திருக்கும். தாயின் குணம் மாறாதிருக்க வேண்டுமெனில் ஒட்டுக்கன்றே வழி. கன்றை இழந்த மறு ஆண்டிலே இதன் அருமையை உணர்ந்தோம். கிணற்றடி மரத்தின் அடிப்புறத்தில் பிசினும் மரத்தூளும் வடிந்தன. தண்டு துளைக்கும் வண்டின் புழு உட்புகுந்து பட்டையைக் குடைந்துவிட்டது. மரம் நெடுநாள் நில்லாது என்பது தெளிவாயிற்று.

நாற்று வளர்ப்பில் தேர்ந்த அயலவர் ஒருவர் உதவிக்கு வந்தார். பென்சில் பருமனுள்ள நுனிக்கிளைகளைத் தெரிந்து, அவற்றின் இலைகளைக் காம்பு நிற்க நறுக்கிவிட்டார். ஒரு வாரத்தில் மொட்டுகள் பருத்தன. பின்னர் அவற்றை நான்கங்குல நீளத்திற்கு வெட்டி, அடியை ஆப்புப்போற் சீவி, இரண்டு மாதக் கன்றுகளின் பிளந்த தண்டிற் பொருத்தி, பொலித்தீன் நாடாவாற் கட்டினார். ஆறு ஒட்டியதில் நான்கு பிழைத்தன. அடுத்த மாரிக்கு முன்னரே தாய்மரம் பட்டுப்போயிற்று.

ஒட்டுக்கன்றை நடுவோர் ஒட்டிய இடம் மண்ணிற்கு மேலே இருக்குமாறு நடவேண்டும். அதற்குக் கீழே தோன்றும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். முதலிரு ஆண்டுகளில் வரும் பூங்கொத்துகளையும் நீக்கிவிடின் மரம் வலுப்பெறும்.

கிளை கத்தரிப்பதிலும் அளவு வேண்டும். நிலத்திலிருந்து மூன்றடி வரை அடிமரத்தைக் கிளையின்றி விடுக. காய் பறித்து முடிந்தபின், பட்ட கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை மட்டும் களைக. இம்மரம் வெயில்படும் இளங்கிளைகளின் நுனியிலே பூப்பது. அழகுக்காகச் சுற்றிலும் நறுக்குவோர் அடுத்த பருவத்துக் காயையே நறுக்குகின்றனர். வெட்டிய இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போடோப் பசையைப் பூசுதல் நலம். அடிமரத்தில் பிசின் வடிகிறதா என்று மாதம் ஒருமுறையேனும் குனிந்து பார்க்க வேண்டும். எமது மரத்திற்கு நாம் செய்யத் தவறியது அதுவே.

இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல்: கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பச்சைக் கொட்டையை உடைக்கும்போது கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்க. சிறுவர் கடித்துப் பார்க்க விடாதிருக்க.

பிழைத்த நான்கில் இரண்டை உறவினர்க்கும் ஒன்றை ஒட்டிக்கொடுத்த அயலவர்க்கும் அளித்தோம். நான்காவதற்கு இடத்தைக் காட்டியவர் அன்னையாரே. மூன்றாம் ஆண்டில் அது காய்த்தது. முதற்பறிப்பில் கிடைத்த பச்சைப் பருப்பைத் தேங்காய்ப்பாலிற் கறியாக்கிப் பரிமாறினோம். உண்டு பார்த்த அன்னையார், “அதே மரம்தான்” என்றார். பழைய மரத்தை நாம் காக்கவில்லை. கன்றை மாற்றி நட்டும் வெல்லவில்லை. ஆயினும் அதன் சுவை எமது வளவை விட்டுப் போகவில்லை.