பள்ளி நீச்சல் குளத்தில் கதிரியக்கம்: எதை அளந்தார்கள், எப்படி அளந்தார்கள்?



"நீச்சல் குளமெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்கு. நமக்கு எதுக்குங்க இந்தப் பேச்சு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஜப்பானில் நீச்சல் குளம் ஆடம்பரப் பொருள் அல்ல. சாதாரணத் தொடக்கப்பள்ளிகளிலும் பெரும்பாலும் ஒரு குளம் இருக்கும். கோடை வந்தால் நீச்சலும் ஒரு பாடம். அப்படிப்பட்ட குளங்களில் ஒரு நாள் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு விழுந்தது. அந்த ஊர்த் தாய் தகப்பன்மார் என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்பது, பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரிய வேண்டிய சங்கதி.

என்ன நடந்தது?

2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கடலில் பெரும் நிலநடுக்கம். அதைத் தொடர்ந்து சுனாமி. கடலோரத்தில் இருந்த புக்குஷிமா டாய்இச்சி அணுமின் நிலையத்தில் கடல்நீர் புகுந்து மின்சாரம் நின்றது. குளிர்விக்கும் தண்ணீர் ஓடாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. கட்டடங்கள் வெடித்தன. கதிரியக்கத் தூசு காற்றில் கிளம்பியது. அணு விபத்துகளை 7 படியாகப் பிரிப்பார்கள். இது ஏழாவது படி.

20 கிலோமீட்டர் சுற்றளவில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். ஆனால் காற்றுக்கு எல்லைக்கோடு தெரியுமா? மார்ச் 15-ஆம் தேதி காற்று வடமேற்கே திரும்பியது. மழையும் பனியும் பெய்து, தூசைத் தரையில் இறக்கிவிட்டன. நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புக்குஷிமா நகரத்திலும் அது விழுந்தது. அந்த ஊர் ஜனங்களில் பெரும்பாலோர் வெளியேறவில்லை. பிள்ளைகள் ஏப்ரலில் பள்ளிக்குப் போனார்கள்.

குளத்தில் எப்படிச் சேர்ந்தது?

அங்கே பள்ளிக் குளங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் இருக்கும். கோடை முடிந்தாலும் தண்ணீரை வடிக்க மாட்டார்கள். தீப்பிடித்தால் அணைக்க உதவும் என்று குளிர்காலம் முழுக்க அப்படியே நிறுத்தி வைப்பார்கள். ஆகவே அந்த மார்ச் மாதத்தில் குளங்கள் வானத்தைப் பார்த்து விரித்த தாம்பாளம்போல நிரம்பிக் கிடந்தன. விழுந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டன.

விழுந்தவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அயோடின் 131. அதன் வீரியம் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். கோடையில் நீச்சல் பாடம் தொடங்கும் நேரத்துக்கு, ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மற்றது சீசியம். அதில் இரண்டு வகை. சீசியம் 134 பாதியாக இரண்டு ஆண்டு. சீசியம் 137 பாதியாக 30 ஆண்டு. அதாவது, 2011-இல் விழுந்த சீசியம் 137-இல் பாதி, 2041-இலும் மிச்சம் இருக்கும்.

சீசியத்துக்கு ஒரு குணம் உண்டு. களிமண்ணைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், லேசில் விடாது. ஆகவே அது தண்ணீரில் கரைந்தே கிடக்காமல் மண்ணோடும் இலைச் சருகோடும் பாசியோடும் அடியில் போய்ப் படிந்தது. மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும். அடியில் மண்டி கிடக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை இதில்தான் இருக்கிறது.

எதை அளந்தார்கள்?

கதிரியக்கத்துக்கு நிறமில்லை, வாடையில்லை. கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். இரண்டு அளவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பெக்கரல் என்பது பொருளுக்கு உள்ள அளவு. ஒரு வினாடிக்கு ஓர் அணு உடைந்தால் ஒரு பெக்கரல். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை, ஒரு கிலோ மண்டியில் எத்தனை என்று சொல்வார்கள். சீவர்ட் என்பது மனித உடம்பு வாங்குகிற அளவு. அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிசீவர்ட், பத்து லட்சத்தில் ஒன்று மைக்ரோசீவர்ட்.

கையில் பிடிக்கும் கருவியைக் குளத்து மேலே நீட்டிவிட்டு, "தண்ணீர் நல்லா இருக்குங்க" என்று சொல்ல முடியாது. அந்தக் கருவி சுற்றியுள்ள தரை, மரம், கூரை எல்லாவற்றிலிருந்தும் வரும் கதிரைச் சேர்த்துக் காட்டும். அடியில் கிடக்கும் மண்டியின் கதிரைத் தண்ணீரே மறைத்தும்விடும். தண்ணீரை அளக்க வேண்டுமானால் அதைக் குப்பியில் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஈயச் சுவருக்குள் இருக்கும் கருவியில் வைத்து, பொறுமையாக எண்ண வேண்டும். மேல் தண்ணீர் வேறு, அடித் தண்ணீர் வேறு, மண்டி வேறு.

குளத்தங்கரையையும் அளக்க வேண்டும். பிள்ளைகள் வெறுங்காலோடு நடப்பதும், ஈர உடம்போடு உட்காருவதும் அங்கேதான். சொரசொரப்பான சிமெண்டும், தண்ணீர் ஓடும் சாக்கடைக் காணும் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடக்கப்பள்ளித் திடல்களில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்திலும், நடுநிலைப் பள்ளிகளில் ஒரு மீட்டர் உயரத்திலும் கருவியைப் பிடித்தார்கள். சின்னப் பிள்ளையின் உடம்பு தரைக்குக் கிட்ட இருக்கிறது அல்லவா?

எண் வந்தது, சண்டையும் வந்தது

2011 ஏப்ரல் 19-ஆம் தேதி கல்வி அமைச்சு ஓர் எண்ணை அறிவித்தது. திடலில் மணிக்கு 3.8 மைக்ரோசீவர்டுக்குக் கீழே இருந்தால் பிள்ளைகள் வழக்கம்போல விளையாடலாம் என்றார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? நாளைக்கு 8 மணி நேரம் வெளியே, 16 மணி நேரம் வீட்டுக்குள்ளே என்று கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரும். சாதாரண மக்களுக்கு வழக்கமான வரம்போ ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்தான்.

தாய்மார்கள் கொதித்தார்கள். "பெரியவங்களுக்கே ஒன்னுன்னா, எங்க பிள்ளைங்களுக்கு இருபதா?" என்பதுதான் கேள்வி. அரசாங்கத்துக்கு ஆலோசகராக இருந்த தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் தொஷிசோ கொசாக்கோ, சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அளவை ஏற்க முடியாது என்று ஏப்ரல் 29-இல் நிருபர்கள் முன்னால் கண் கலங்கிப் பதவி விலகினார். மே 23-இல் புக்குஷிமாப் பெற்றோர் தலைநகருக்கே போய் அமைச்சின் வாசலில் நின்றார்கள். நான்கு நாள் கழித்து, பள்ளியில் பிள்ளைகள் வாங்கும் அளவை ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்டுக்குள் கொண்டுவர முயல்வோம் என்றும், திடலின் மேல்மண்ணை அகற்ற உதவுவோம் என்றும் அமைச்சு அறிவித்தது. கேட்டதால் வந்த மாற்றம் அது.

தண்ணீரில் ஆபத்தா, கரையிலா?

இனி ஒரு சின்னக் கணக்கு. 2012-இல் ஜப்பான் குடிதண்ணீருக்கு ஒரு கிலோவுக்கு 10 பெக்கரல் சீசியம் என்று வரம்பு வைத்தது. கடற்கரை, ஏரி போன்ற குளிக்கும் இடங்களுக்கும் அதே ஆண்டில் லிட்டருக்கு 10 என்றே வைத்தார்கள். அந்த அளவுள்ள குளத்தில் நீந்தும் பிள்ளை, 100 மில்லிலிட்டர் தண்ணீரை விழுங்கிவிட்டது என்று வையுங்கள். உள்ளே போனது ஒரு பெக்கரல். அதனால் உடம்பு வாங்குவது ஒரு மைக்ரோசீவர்டில் நூற்றில் ஒரு பங்கு. நம் எல்லார் உடம்பிலும் இயற்கையாகவே பொட்டாசியக் கதிரியக்கம் உண்டு. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அது சுமார் 4,000 பெக்கரல்.

அதே பிள்ளை மணிக்கு 3.8 மைக்ரோசீவர்ட் காட்டும் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால்? தண்ணீரை விழுங்கியதைப்போல 380 மடங்கு! ஆகவே சுத்தமான தண்ணீர் நிரப்பிய குளத்தில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு அல்ல. கரைக்கும், கானுக்கும், மூலையில் கிடக்கும் மண்டிக்கும்தான். தண்ணீரை மட்டும் அளந்து "சரி" என்று எழுதிக் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது.

வடிக்க முடியாத தண்ணீர்

"அழுக்குத் தண்ணியைத் திறந்து விட்டுட்டு, நல்ல தண்ணி நிரப்ப வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 300 டன் தண்ணீர். பல ஊர்களில் அது போய்ச் சேரும் வாய்க்கால் நெல் வயலுக்குப் போகிறது. விவசாயி சம்மதிப்பாரா? அவர் சொன்னதும் நியாயம்தான். ஆகவே 2011 கோடையில் பல குளங்கள் வடிக்கவும் முடியாமல், பிள்ளைகளை இறக்கவும் முடியாமல் பச்சை பிடித்துக் கிடந்தன.

வழி கண்டார்கள். கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் கலக்கித் தெளிய வைப்போமே, ஏறக்குறைய அதே முறை. தெளிய வைக்கும் மருந்தோடு, சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் சியோலைட் கல்லையும் பிரஷ்யன் நீலம் என்ற சாயப்பொருளையும் சோதித்துப் பார்த்தார்கள். அழுக்கு அடியில் இறங்கியதும் மேல் தண்ணீரை அளந்து, பிறகுதான் வெளியே விட்டார்கள். மண்டியைத் தனியே மூட்டை கட்டினார்கள். கிலோவுக்கு 8,000 பெக்கரலுக்கு மேல் போனால் அதைச் சாதாரணக் குப்பையாகக் கொட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. டாத்தே என்ற நகரில் ஒரு தொடக்கப்பள்ளிக் குளத்தைப் பெற்றோரும் தொண்டர்களும் சேர்ந்து சுத்தம் செய்து, அந்தக் கோடையிலேயே பிள்ளைகளை நீந்த விட்டார்கள். வேறு பல பள்ளிகளின் குளங்கள் 2012-இல் திறந்தன.

கழுவியவர் உடம்பு?

தோழர்களே, தொழிலாளிகளாகிய நாம் இதைக் கேட்காமல் விடலாமா? குளத்தில் இறங்கி மண்டியை அள்ளியவர் யார்? முதல் மாதங்களில் ஆசிரியர்களும் பெற்றோர்களும்கூட அள்ளினார்கள். பிறகு கூலிக்கு ஆள் வந்தது. இந்தச் சுத்திகரிப்பு வேலைக்கென்று தனி விதி 2012 ஜனவரி 1-இல்தான் அமலுக்கு வந்தது. ஐந்து ஆண்டில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50-க்கு மேல் போகக் கூடாது. தொழிலாளி வாங்கிய அளவைக் குறித்து வைக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும். மருந்து அடிப்பவருக்கு முகமூடியும் கையுறையும் பூட்ஸும் எவ்வளவு அவசியமோ, மண்டி அள்ளுபவருக்கும் அவ்வளவு அவசியம். காய்ந்த மண்டி தூசாகிப் பறந்தால் மூச்சில் போகும். ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். வேலை முடிந்ததும் கை, முகம் கழுவி, உடுப்பு மாற்றி, பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

பூட்டி வைத்தாலும் கேடு

அப்படியானால் குளத்தைப் பூட்டிவிட்டு, பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் போதுமா? அதுவும் சரிப்படவில்லை. ஓடாமல், நீந்தாமல் பிள்ளைகள் பருத்தார்கள். 2012-ஆம் ஆண்டுப் பள்ளி உடல்நலக் கணக்கெடுப்பில், பல வயதுப் பிரிவுகளில் உடல் பருத்த பிள்ளைகளின் விகிதம் நாட்டிலேயே புக்குஷிமாவில்தான் அதிகம். பயத்தால் பூட்டுவதும் தப்பு, அளக்காமல் திறப்பதும் தப்பு.

நாம் கேட்க வேண்டியவை

பால் ஸ்டோரில் தராசு முள்ளை நாமும் எட்டிப் பார்க்கிறோம். கிராணி எழுதியதை அப்படியே நம்பிவிடுவதில்லை. கதிரியக்கமானாலும், குடிதண்ணீரில் கலந்த மருந்தானாலும், "சோதிச்சாச்சு, பயமில்லை" என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்:

1. எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை முறை எடுத்தீர்கள்?

2. மேல் தண்ணீரா, அடி மண்டியா, கரையா? எல்லாவற்றையும் அளந்தீர்களா?

3. "ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்றால் அது பூஜ்யம் ஆகாது. உங்கள் கருவி எந்த அளவு வரைக்கும் கண்டுபிடிக்கும்?

4. வரம்பு எவ்வளவு? அது பெரியவருக்கா, பிள்ளைக்கா? யார் வைத்தது?

5. சுத்தம் செய்யும் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு?

6. எண்ணை எல்லாரும் பார்க்கும்படி பலகையில் எழுதிப் போடுவீர்களா?

இவற்றைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. புக்குஷிமாத் தாய்மார்களில் பலர் பெக்கரல் என்ற சொல்லையே விபத்துக்குப் பிறகுதான் கேட்டிருப்பார்கள். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். நாமும் கேட்போம், தோழர்களே. பதில் வரும்வரை கேட்போம்.