லட்சங்களை மறுத்த டென்னிஸ் வீரர்

கைக்கு வரும் லட்சங்களை வேண்டாமென்று தள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? ஸ்ரீ ராமநாதன் கிருஷ்ணனுக்கு வந்தது. 1959-ல் அமெரிக்கரான ஜாக் கிரேமர், தமது தொழில்முறைக் கோஷ்டியில் சேர்ந்து மூன்று வருஷம் ஆட 1,50,000 டாலர் தருவதாகச் சொன்னார். ஆனால் பணத்துக்காக ஆடுவோருக்கு அந்நாளில் விம்பிள்டனில் இடமில்லை. தேசத்துக்காக டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் ஆடவும் உரிமையில்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார்.

நாகர்கோவிலில் பிறந்த இவருக்குத் தந்தையார் டி. கே. ராமநாதனே குரு. 1954-ல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் இவர். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை முன்னேறினார். இடி போன்ற அடி இவரிடம் கிடையாது. பந்தை இதமாகத் தட்டி, எதிரி இல்லாத மூலையில் விழச் செய்வதே இவர் வித்தை.

மறுத்ததன் பலனைத் தேசம் 1966-ல் கல்கத்தாவில் கண்டது. ஏற்கெனவே இரண்டு செட்களை வென்றிருந்த பிரேஸில் வீரர் தாமஸ் கோச், நான்காவது செட்டிலும் 5-2 என்று முந்தி நின்றார். கிருஷ்ணன் பதறவில்லை. அந்தச் செட்டை 7-5 என்றும், அடுத்ததை 6-2 என்றும் கைப்பற்றினார். டேவிஸ் கோப்பையின் இறுதிப் பந்தயத்துக்கு இந்தியா சென்றது அதுவே முதல் தடவை.

1968-ல் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் விம்பிள்டன் கதவு திறந்தது. இன்று நெய்வேலி நகரியத்தில் பந்தடிக்கும் பிள்ளைக்குப் பணமா, தேசமா என்ற சங்கடம் இல்லை. அது நேர்ந்த காலத்தில் ஒரு தமிழர் எதைத் தேர்ந்தார் என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போம்.