வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறைவது ஏன்?

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருக்கிறோம், நமக்கு எப்படி வைட்டமின் டி குறையும்? இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் பலர் கேட்கும் கேள்வி இது. ஊரில் வெயில் அடித்தால் மட்டும் போதாது. அது நம் தோலில் பட வேண்டும்.

சூரிய ஒளியிலுள்ள புறஊதா பி கதிர்கள் தோலில் படும்போதுதான் வைட்டமின் டி உருவாகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள இந்தச் சத்து அவசியம். இது மிகவும் குறைந்தால் பெரியவர்களுக்கு எலும்பு வலியும் தசை பலவீனமும் வரலாம். குழந்தைகளுக்குக் கால் எலும்புகள் வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரலாம்.

சூழலுக்கும் இதில் பங்குண்டு. வார்சா நகரக் குழந்தைகளிடம் அதிகமாக இருந்த ரிக்கெட்ஸ், கிராமப்புறக் குழந்தைகளிடம் அரிதாக இருப்பதை போலந்து மருத்துவர் ஸ்னியாடெக்கி 1822-லேயே கவனித்து எழுதினார். நெருக்கமான கட்டடங்களும் புகையும் இக்கதிர்களைக் குறைத்துவிடுகின்றன. ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. எனவே கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து வெயில் காய்வதால் பயனில்லை.

அதிகாலை இளவெயிலே சிறந்தது என்பதும் இந்த விஷயத்தில் சரியல்ல. சூரியன் சாய்ந்திருக்கும்போது புறஊதா பி கதிர்கள் மிகக் குறைவாகவே தரையை வந்தடைகின்றன. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே ஏற்றது. கருமையான தோலுக்குச் சற்று அதிக நேரம் தேவைப்படும். ஆனாலும் தோல் சிவந்து எரியும்வரை நிற்க வேண்டாம்.

வளைகுடா நாடுகளில் வெயில் அதிகம், வைட்டமின் டி குறைபாடும் அதிகம். வெப்பத்துக்கு அஞ்சி வீடு, கார், அலுவலகம் என ஏசிக்குள்ளேயே நாள் கழிவது இதற்கு முக்கியக் காரணம். எனவே பர்தாவை மட்டும் குறை சொல்ல முடியாது. அங்கே ஆண்களுக்கும் இக்குறைபாடு இருக்கிறது. இருந்தாலும், வெளியே உடலை மூடிச் செல்லும் நம் பெண்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மறைவான மொட்டை மாடியோ முற்றமோ இருந்தால் கை, கால்களில் வெயில் படும்படி சிறிது நேரம் இருக்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு வழியில்லையா? மத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டையின் மஞ்சள் கருவும் ஓரளவு உதவும். தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு என்பதால் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையையும் அவர் சொல்லும் அளவிலேயே சாப்பிடுங்கள். வெயிலால் வைட்டமின் டி மிதமிஞ்சிப் போகாது. மாத்திரை அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடி சிறுநீரகம் பாதிக்கப்படும்.