எதிர்மறை எண்ணங்களும் கிறித்தவ ஆன்மிகமும்

எதிர்மறை எண்ணம் என்பது ஒருவர் தம்மையும் உலகையும் எதிர்காலத்தையும் போதிய சான்றின்றித் தீயனவாகவே கருதும் சிந்தனைப் பழக்கம் ஆகும். இதனை இறைநம்பிக்கையாலும் தன்பரிவாலும் (தமக்குத் தாமே பரிவு காட்டுதல்) மாற்ற முயலும் வழிகள் கிறித்தவ மரபில் பழங்காலம் முதலே காணப்படுகின்றன.

உளவியல் பின்னணி

1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரோன் பெக் (1921–2021), மனச்சோர்வு உடையோரிடம் தாமாகவே எழும் எண்ணங்களைக் கவனித்து, அவற்றைச் சான்றுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் சிகிச்சை முறையை உருவாக்கினார். 2003ல் கிறிஸ்டின் நெஃப் தன்பரிவை மூன்று கூறுகளாக விளக்கினார். தம்மிடம் கனிவு, துன்பம் எல்லோர்க்கும் பொது என்னும் உணர்வு, வலியை மிகைப்படுத்தாமல் கவனித்தல் என்பன அவை. தன்பரிவு வேறு, தன்னிரக்கம் வேறு. தன்னிரக்கம் கொண்டவர் தமக்கு மட்டுமே துன்பம் நேர்ந்ததாக எண்ணுகிறார்.

விவிலியத்தில்

திருப்பாடல்கள் 42, 43 ஆகியவற்றில் பாடகர் தம் உள்ளத்தையே நோக்கி, ஏன் கலங்குகிறாய் என்று மூன்று முறை வினவுகிறார். எண்ணத்தை அப்படியே ஏற்காது கேள்விக்கு உட்படுத்தும் முறை இது.

எலியாவின் நிகழ்ச்சி (1 அரசர்கள் 19) இன்னும் தெளிவானது. சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவை வேண்டிய அவரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை; இருமுறை அப்பமும் நீரும் தந்தார். உணவும் உறக்கமும் முதலில், உரையாடல் பின்னரே. தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எலியா முறையிட்டபோது, இன்னும் 7000 பேர் உள்ளனர் என்ற விடை கிடைத்தது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைநிலத் துறவி எவாகிரியுசு, தீய எண்ணங்களுக்கு மறுமொழியாகக் கூறத்தக்க ஏறத்தாழ 500 விவிலியப் பகுதிகளைத் தொகுத்தார்.

பனியனும் தமிழும்

ஆங்கிலப் போதகர் ஜான் பனியன், விரும்பாமலேயே மீண்டும் மீண்டும் எழுந்த இறைப்பழிப்பு எண்ணங்களால் தாம் பட்ட துன்பத்தை 1666ல் வெளியான தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அவரது மோட்சப் பிரயாணத்தில் (1678) ஐயக்கோட்டையை ஆளும் அவநம்பிக்கை அரக்கன், சிறைப்பட்டவர்களைத் தற்கொலைக்குத் தூண்டுகிறான். உடனிருக்கும் தோழன், முன்னர் கடந்துவந்த இடர்களை நினைவூட்டித் தடுக்கிறான். கோட்டையைத் திறக்கும் திறவுகோல் கைதியின் மடியிலேயே இருந்தது. அதன் பெயர் வாக்குறுதி. இந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894ல் வெளிவந்தது.

திறனாய்வு

பாவ உணர்வை வலியுறுத்தும் மரபில் தன்பரிவுக்கு இடமுண்டா என்ற வினா எழுகிறது. தன்னைப்போல் பிறரையும் நேசிக்கக் கூறும் கட்டளை, தன்மீது கொள்ளும் அன்பை முன்னதாகவே கொண்டுள்ளது என்பர் ஒருசாரார். தன்னலத்திற்கு இது வழிவிடும் என்பர் மற்றோர். குற்றம் உண்மையாயின் வருந்தித் திருந்துதல் வேண்டும். மன்னிக்கப்பட்ட பின்னும் தம்மையே தண்டித்துக்கொள்வதை மனந்திரும்புதல் எனக் கொள்ள இயலாது.

இதனினும் கவலைக்குரியது, மனச்சோர்வை விசுவாசக் குறைவு எனக் கூறும் போக்கு. முன்பே தம்மைப் பழிப்பவருக்கு அது மேலும் ஒரு பழியாகிறது. மனச்சோர்வு ஒரு நோய். செபத்துடன் மருத்துவமும் பெறுவதில் முரண்பாடு இல்லை. காஞ்சிபுரத்திற்கு மேற்கே உள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 முதல் பாகாயத்தில் மனநல மையம் நடத்தி வருகிறது. அங்கு நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கு பெறுகின்றனர்.