சுவரில்லாத வட்டிக்கடைகள்

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் நகரத்தார் வெள்ளி ரதம் புறப்படுகிற பினாங்கு வீதியில்தான் ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகள் நிறைந்திருந்தன. கிட்டங்கி என்றால் நீண்ட கூடம். தரையில் வரிசையாக மரப்பெட்டிகள், பெட்டிக்கு ஒரு கடை. ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம் (கடையின் வணிகப் பெயர்), தனி முதல், தனிப் பேரேடு. நடுவில் சுவர் மட்டும் கிடையாது. ஒரே தொழிலில் இருந்தவர்கள், எதிரி காதில் விழும்படி உட்கார்ந்து ஏன் கடன் கொடுத்தார்கள்?

வாடகை மிச்சம் என்பது பாதி விடைதான். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பணம் கடலுக்கு இக்கரையில் மேலாள் என்ற முகவர் கையில் இருக்கும். அவர் ஏமாற்றினால் ஊருக்கு எப்படித் தெரியும்? பிறர் பணத்தை ஆள்பவர் அதைத் தன் பணம்போல் காப்பாரா என்று 1776-லேயே ஆடம் ஸ்மித் ஐயப்பட்டார். மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் 1976-இல் அந்த ஐயத்தைக் கோட்பாடாக்கினார்கள். முகவரைக் கண்காணிக்க ஆகும் செலவு, அவர் தன் நாணயத்தை மெய்ப்பிக்க ஆகும் செலவு, இரண்டுக்கும் பிறகும் தங்கிவிடும் இழப்பு எல்லாம் சேர்ந்ததே முகவரை அமர்த்த ஒரு நிறுவனம் தரும் விலை என்றார்கள்.

கிட்டங்கி இந்த விலையைக் குறைத்தது. பக்கத்துப் பெட்டிக்காரரின் கண்ணும் காதும் செலவில்லாத கண்காணிப்பு. கடன் கேட்டு வருபவரின் யோக்கியதையும் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். மேலாளுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தருவார்கள். ஊர் திரும்பிக் கணக்கை ஒப்படைத்த பிறகு லாபத்தில் பங்கு. கணக்கில் கறை இருந்தால் வேறெந்த விலாசமும் அவரைச் சேர்க்காது. 11-ஆம் நூற்றாண்டின் மத்தியதரைக்கடல் யூத வணிகர்களிடம் இதே கட்டுப்பாடு இருந்ததை அவ்னர் கிரெய்ஃப் 1989-இல் எழுதிக் காட்டினார். ஒருவரை ஏமாற்றிய முகவரை எவரும் அமர்த்தமாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை வியக்கிறேன். முழுமனதோடு புகழ முடியவில்லை. தங்களுக்குள் குறைந்த வட்டி, வெளியாருக்குக் கூடுதல் வட்டி என்றுதான் அந்த நம்பிக்கை இயங்கியது. மேலாள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத்தான் கப்பலேறினார். செட்டிநாட்டு வீடுகளில் தவணை முடியக் காத்திருந்த மனைவியரின் ஆண்டுகள் எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படவில்லை. பொருளியல் கட்டுரைகளும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் முதல்தான்.

கிரெய்ஃபின் ஆய்வுக்கு ஆதாரமாக இருந்தவை கெய்ரோவின் பழைய யூத ஆலயம் ஒன்றில் எறியாமல் போட்டுவைத்த வணிகக் கடிதங்கள். நம் பேரேடுகளும் ஐந்தொகைகளும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல. பினாங்கிலோ காரைக்குடியிலோ உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கட்டு இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ கொடுங்கள்.