விளையாட்டு டிரைவ் மாறுவது எப்படி?

வன்தட்டுக்குள் காந்தப் பூச்சைத் தாங்கிச் சுழலும் வட்டுகளுக்கு ஆதாரமான அடித்தகடுகளைச் சீகேட் நிறுவனம் உற்பத்தி செய்துவந்த ஜொகூரிலேயே, அவ்வட்டின் மந்தகதியைக் குறைகூறும் விளையாட்டுப் பிரியர்களும் வசிக்கிறார்கள் என்பது விநோதந்தான். குறையிலும் நியாயம் உண்டு: நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில், வேண்டிய பகுதி வாசிப்பு முனையின் கீழ் வந்துசேரவே சராசரியாக 4 மில்லிவினாடிக்குச் சற்று அதிகமாகிறது, சுழலும் அங்கமே இல்லாத எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆகவே, ஆடிக்கொண்டிருப்பதை எஸ்எஸ்டியிலும், ஆடி ஓய்ந்ததை வன்தட்டிலும் வைப்பதே விவேகம்.

2003இல் தோன்றிய கணினி விளையாட்டுச் செயலியான ஸ்டீம், டிரைவ் தோறும் ஒரு நூலகத்தை ஸ்தாபித்து, விளையாட்டின் கோப்புகளோடு அவற்றின் விவரம் கூறும் சிறு குறிப்புக் கோப்பையும் அங்கேயே வைக்க வல்லது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் விலாசம் மட்டுமே மாறுவதால் காரியம் க்ஷணத்தில் முடிகிறது. வேறு டிரைவுக்கோ ஒவ்வொரு பைட்டும் பிரதி எடுக்கப்பட்டாக வேண்டுமாதலால், வினாடிக்கு 150 மெகாபைட் எழுதும் வன்தட்டுக்கு 100 கிகாபைட் விளையாட்டு போய்ச்சேர 11 நிமிஷமாகும். பொறுமையிழந்து விளையாட்டின் கோப்புகளை மட்டும் கையால் இழுத்துப்போட்டால், குறிப்புக் கோப்பு பழைய டிரைவிலேயே தங்கிவிட, ஸ்டீம் விளையாட்டைக் காணாது விழிக்கும். எனவே அதன் அமைப்புகளில் உள்ள சேமிப்பகப் பகுதி வாயிலாகவே நகர்த்துங்கள்.